இடுப்புத் தசை மீள: பாளையங்கோட்டையில் தங்குவதா, ஊருக்குப் போவதா?

தொடை எலும்பில் கட்டி எடுத்த ஆபரேஷன் முடிந்து அக்கா டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சை நிறுத்தி வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். அத்தான் நேராக ஊருக்கே, வீரவநல்லூருக்கே போய்விடலாம் என்றார். நான் பாளையங்கோட்டையில் சமாதானபுரம் பக்கம் ஒரு கீழ்வீடு பார்த்து, அட்வான்சும் கொடுத்து வைத்திருந்தேன். அம்மா, "ரெண்டும் வேண்டாம், இங்கயே இன்னும் பத்து நாள் கெடக்கட்டும்" என்றாள். ஆம்புலன்ஸ் டிரைவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என் பேச்சுதான் எடுபட்டது. அது சரியான முடிவில்லை என்று தெரிய மூன்று மாதம் ஆனது.

அக்காவுக்கு வயது 46. இடது தொடை எலும்பின் மேல்பகுதியில் காண்ட்ரோசர்கோமா. குருத்தெலும்பு வகையில் கிளம்புகிற புற்றுநோய்க் கட்டி அது. கீமோவும் கதிர்வீச்சும் அதில் பெரிதாக எடுபடுவதில்லை, வெட்டி எடுப்பதுதான் வைத்தியம். எலும்பில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துவிட்டு, இடுப்பு மூட்டோடு சேர்த்து உலோகம் வைத்தார்கள். இப்போது பதினாலு மாதம் ஆகிறது. இதே ஆபரேஷன் முடிந்தவர்களின் வீட்டார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். டவுனில் தங்கி பிசியோதெரபி பார்ப்பதா, வீட்டுக்கு ஆள் வரவழைப்பதா, நாமே செய்துகொள்வதா? நான் டாக்டர் இல்லை, அக்காவுக்குத் தம்பி. டாக்டரும் பிசியோவும் சொன்னது, பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டது, பட்டுத் தெரிந்துகொண்டது, எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பார்க்க வருகிற எல்லோரும் சொல்வார்கள்: "எங்க வீட்டுப் பெரியவுகளுக்கும் இடுப்புல ஸ்டீல் வச்சாக. பத்தே நாள்ல எழுந்து நடந்தாகளே." சொல்வது உண்மைதான். ஆனால் அது வேறு ஆபரேஷன்.

இடுப்பின் பக்கவாட்டில், பேன்ட் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்து ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். கைக்கு அடியில் ஒன்று இறுகும். அதுதான் குளூட்டியஸ் மீடியஸ். அதற்கும் அடியில் குளூட்டியஸ் மினிமஸ் என்று சின்னது ஒன்று. இரண்டும் இடுப்பெலும்பின் வெளிப்பக்கத்தில் தொடங்கி, தொடை எலும்பின் மேல்முனையில் வெளியே புடைத்திருக்கும் மேட்டில் வந்து பிடிக்கின்றன. நடக்கும்போது ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில். காற்றில் இருக்கும் காலின் பக்கம் இடுப்பு தொங்கிவிடாமல், தரையில் நிற்கும் காலின் பக்கத்துத் தசைதான் இழுத்துப் பிடிக்கிறது.

தராசுக்கணக்குதான். உடம்பின் பாரம் மூட்டிலிருந்து தள்ளி இறங்குகிறது. தசை இழுப்பதோ மூட்டுக்கு வெகு பக்கத்தில், ஏறக்குறைய அதில் பாதித் தூரத்தில். தூரம் பாதி என்றால் இழுக்கும் விசை இரண்டு மடங்கு வேண்டும். எல்லாம் சேர்ந்து, ஒற்றைக்காலில் நிற்கும்போது மூட்டின் மேல் விழும் சுமை உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு ஆகிவிடுகிறது. 60 கிலோ ஆளுக்கு 150 கிலோ. தசைக்கு அந்தப் பலம் இல்லையென்றால் எதிர்ப்பக்கத்து இடுப்பு கீழே தொங்கும். இல்லாவிட்டால் உடம்பையே ஆபரேஷன் பக்கம் சாய்த்துச் சாய்த்து நடக்க வேண்டிவரும். இந்தத் தொங்கலை 1895-லேயே ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் விவரித்துவிட்டார். பிசியோக்கள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லித்தான் அந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

சாதாரண மூட்டு மாற்றில் பந்தும் கிண்ணமும்தான் மாறுகின்றன. அந்த மேடு இருந்த இடத்தில் இருக்கிறது, தசையும் பெரும்பாலும் அதில் பிடித்தபடியே இருக்கிறது. அதனால்தான் பத்து நாளில் நடக்க முடிகிறது. அக்காவுக்கு மேடே போய்விட்டது. தசையை அறுத்தெடுத்து வேறொன்றில் கட்டியிருக்கிறார்கள். கட்டியது ஒட்டுவதற்கு முன்னால் இழுத்தால் பிய்ந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவரின் கணக்கை வைத்து நம் வீட்டு ஆளை விரட்டக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

எதில் கட்டினார்கள் என்று கேளுங்கள்

டவுனா ஊரா என்று முடிவு செய்வதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முடிந்தால் ஆபரேஷனுக்கு முன்பே. எந்த முறை என்பது டாக்டர் கையில்தான். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு தசை மிஞ்சும் என்பதைப் பொறுத்தது அது. ஆனால் அதற்குப் பிறகான எல்லாக் கணக்கும் அந்தப் பதிலில்தான் தொங்குகிறது.

தொடை எலும்பின் மேல்பகுதிக்குப் பதிலாக உலோகம் வைப்பதை 1940-ல் அமெரிக்காவில் ஆஸ்டின் மூரும் ஹரால்டு போல்மனும் ஒரு கட்டி நோயாளிக்குச் செய்தார்கள். அன்றைக்கிருந்த தலைவலி இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை. எலும்பில் தசைநார் வேர் பிடித்துக்கொள்ளும், வழுவழு உலோகத்தில் பிடிக்காது. உலோகத்தில் துளை போட்டு நேரடியாகத் தைத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் காலம் பூராவும் அந்தத் தையலும் சுற்றி வளரும் தழும்புமே தாங்க வேண்டும். அது தளர்ந்தால் நொண்டல்தான்.

இதற்காகவே உலோகத்தின் மேல் குழாய்போல ஒரு வலைத்துணியை மாட்டி, அதில் தசையைத் தைக்கிறார்கள். அக்காவுக்குச் செய்தது இதுதான். டாக்டர் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறக்காத அத்தான், "பாவும் ஊடையுமா சார், இல்ல பின்னலா?" என்று கேட்டார். அவர் தறிக்காரர், அவருக்கு அதுதான் கவலை. டாக்டர் சிரித்துவிட்டார். "ஓட்டை ஓட்டையா இருக்கும். அந்த ஓட்டைக்குள்ள சதை வளந்து புடிச்சுக்கும். அது போதும்" என்றார். துணி வேறொன்றும் இல்லை, பாலியஸ்டர்தான். சட்டைத்துணியில் இருக்கிற அதே வகைப் பொருள். "பருத்தியா இருந்தா இன்னும் நல்லாப் புடிக்குமோ" என்று அத்தான் ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தக் குழாய்க்கு இன்னொரு உபயோகமும் உண்டு. மூட்டைச் சுற்றி உறைபோல நின்று, பந்து கிண்ணத்தை விட்டு நழுவாமல் பார்த்துக்கொள்ளும். இந்த ஆபரேஷனில் அடிக்கடி வரும் தொல்லைகளில் மூட்டு நழுவுவதும் ஒன்று.

கட்டி அந்த மேட்டைத் தொடாமல் இருந்தால், தசையோடு சேர்த்து மேட்டிலிருந்து ஒரு சில்லு எலும்பைக் காப்பாற்றி, கம்பியாலோ கொக்கியாலோ உலோகத்தோடு கட்டுவார்கள். கிடைத்தால் இது அதிர்ஷ்டம். தசை தன் சொந்த எலும்பை விட்டு விலகவே இல்லை. பெரும்பாலும் கட்டி இடம் கொடுக்காது.

இன்னொரு வழி, எலும்பு வங்கியிலிருந்து இறந்தவர் தானமாகக் கொடுத்த எலும்பை எடுத்து, உலோகத்தை அதற்குள் பொருத்தி வைப்பது. அந்த எலும்பில் தசைநாரும் ஒட்டியே இருக்கும். நோயாளியின் நாரை அந்த நாரோடு தைக்கிறார்கள். நாரோடு நார் என்பதால் பிடிப்பு நன்றாக இருக்கிறது, நடையும் சிலருக்கு மேலாக வருகிறது. ஆனால் தான எலும்பும் சொந்த எலும்பும் சந்திக்கும் இடம் கூடுவதற்கு மாதக்கணக்காகும். அதுவரை காலில் முழுப் பாரம் போட முடியாது. கூடாமலே போவதும், தொற்று வருவதும், தான எலும்பு நொறுங்குவதும் உண்டு. எலும்பு வங்கியும் எல்லா ஊரிலும் இல்லை.

கட்டியோடு தசையையே எடுக்க வேண்டி வந்துவிட்டால், மிஞ்சியதைத் தொடையின் வெளிப்பக்கத்து அகலப் பட்டையோடு சேர்த்துத் தைப்பார்கள். பிட்டத்தின் பெரிய தசையிலிருந்து ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பதும் உண்டு.

அப்புறம் நரம்பு. இந்தத் தசைகளுக்கு உயிர் கொடுப்பது பிட்டத்தின் மேல்பக்கம் ஓடும் ஒரு நரம்பு. மேட்டின் நுனியிலிருந்து சுமார் 5 செ.மீ. மேலே போகிறது. அது போய்விட்டிருந்தால் எந்த பிசியோதெரபியாலும் அந்தத் தசையை எழுப்ப முடியாது. அப்போது வேறு தசைகளைப் பழக்குவதும், கம்பு பிடிப்பதும், சாய்ந்து நடப்பதை ஏற்றுக்கொள்வதும்தான் வழி. இதைக் கேட்க மனம் வராது. கேட்டுவிடுவது நல்லது. இல்லாத பலத்துக்காக ஆறு மாதம் வாடகை கொடுக்கிற கொடுமையாவது மிச்சமாகும்.

எங்களுக்குக் கிடைத்த பதில்: வலைத்துணியில் தைத்திருக்கிறது, நரம்பு இருக்கிறது, ஆறு வாரம் இடுப்பை அசையாமல் பிடிக்கிற பிரேஸ், 12 வாரத்துக்குக் காலைத் தானாகப் பக்கவாட்டில் விரிக்கக் கூடாது, வாக்கரோடு நடக்கலாம். இந்த வாரக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் டாக்டர் சொன்னதுதான் உங்கள் கணக்கு.

நாங்கள் செய்த தப்பு

பதிலைக் கேட்டோமே தவிர, அதை வைத்து யோசிக்கவில்லை. டவுனில் இருந்தால் சீக்கிரம் தேறும் என்று ஒரு எண்ணம். மாதம் 9,000 ரூபாய் வாடகை. தினம் ஆட்டோவில் ஒரு பிசியோதெரபி சென்டர். போக வர 200. ஆட்டோவில் ஏற்றுவதே ஒரு சடங்கு. சீட் தாழ்வாக இருக்கும், முழங்கால் இடுப்புக்கு மேலே போகக் கூடாது. அதற்காக இரண்டு தலையணையை அடியில் போட்டு, அக்காவைப் பின்பக்கமாக உட்காரவைத்து, காலை மெல்லத் திருப்பி உள்ளே விடுவோம். ஆட்டோக்காரர் ஒரு வாரத்தில் எங்களைவிட நன்றாகச் செய்யப் பழகிவிட்டார்.

அங்கே போய் என்ன செய்தாள்? பாதத்தை மேலும் கீழும் ஆட்டினாள். முழங்காலைப் படுக்கையில் அமுக்கினாள். பிட்டத்தை இறுக்கி விட்டாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தாள். அவ்வளவுதான். அதற்கு மேல் செய்ய அனுமதி இல்லை. அந்த 12 வாரமும் தசைக்கு வேலையே ஒட்டுவதுதான், ஒட்டுவதற்கு ஆட்டோ தேவையில்லை. அக்காவுக்கு ஒரு நாள் ஆத்திரம் வந்து, "இந்தக் காலாட்டலை வீரவநல்லூர்ல ஆட்டுனா ஆடாதால?" என்றாள்.

இதில் ஒரு ஆபத்தும் இருந்தது. மூன்றாம் வாரம் வழக்கமான பிசியோ லீவு. மாற்றாக வந்த பையன் இடுப்பு மாற்று என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காலை மேலே தூக்கச் சொன்னான். சாதாரண மூட்டு மாற்றில் கொஞ்ச நாள் கழித்துக் கொடுக்கிற பயிற்சிதான். அக்காதான் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்ததை அவனிடம் காட்டிய பிறகு, "சாரி அக்கா" என்றான். அந்தச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து வாக்கரில் ஒட்டிவைத்தோம். நீங்களும் ஒட்டிவையுங்கள்.

மூன்று மாதம் முடிந்து காட்டப் போனோம். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், காலைப் பிடித்துப் பார்த்தார், "நல்லாருக்கு. இனி ஆரம்பிக்கலாம்" என்றார்.

ஆரம்பிக்கலாமா! நாங்கள் முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். கையில் காசு இல்லை. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை என்பதால் ஆபரேஷன் செலவில் பெரும்பகுதி அதிலேயே அடைபட்டுவிட்டது. வாடகை, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் கைக்காசு. அத்தான் மூன்று மாதமாகத் தறியில் உட்காரவில்லை. பாளையங்கோட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு, சரியாகப் பயிற்சி தொடங்க வேண்டிய நாளில் ஊருக்குப் போனோம்.

அதனால் என் தீர்ப்பு இதுதான். பெரும்பாலோர் பணத்தையும் ஆள்பலத்தையும் முதல் மூன்று மாதத்திலேயே கொட்டிவிடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். தசை ஒட்டுகிற காலம் வீட்டில் கழியட்டும். தசையைப் பழக்குகிற காலத்துக்கு டவுனை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டத்துக்கு வீடு போதும் என்றால், வீட்டை அதற்குத் தயார் செய்திருக்க வேண்டும். கட்டில் உயரமாக இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கட்டில்களுக்கு அடியில் செங்கல் கொடுத்தால் சரியாகும், ஆனால் ஆடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்தமடைப் பாயை விரித்துத் தரையில் படுப்பது, சம்மணம் போடுவது, இலைபோட்டுக் கீழே உட்கார்ந்து சாப்பிடுவது எதுவும் கிடையாது. கால்மேல் கால் போடக் கூடாது. தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே தலையணை. புறவாசல் கக்கூசில் குந்தி உட்காருவது சுத்தமாக ஆகாது. ஓட்டை வைத்த உயர நாற்காலி மருந்துக்கடைப் பக்கம் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். இதையெல்லாம் செய்ய முடியாத வீடு, மாடிவீடு, கூட ஆள் இல்லாத வீடு, புண் இன்னும் காயாத நிலை, ஏற்கெனவே ஒருமுறை மூட்டு நழுவியவர்கள் என்றால் என் கணக்கு பொருந்தாது. அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பதே மேல். எங்கிருந்தாலும் திடீரென்று கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டு வலித்தாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, காய்ச்சலோடு புண்ணில் நீர் கசிந்தாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இரண்டாம் கட்டம்தான் உண்மையான ஒப்பீடு

டாக்டர் "ஆரம்பிக்கலாம்" என்று சொன்ன பிறகு மூன்று வழியும் வேறு வேறாகிவிடுகின்றன.

டவுனில் போய்ச் செய்வதில் கிடைப்பது மெஷின் இல்லை, கண். ஆளுயரக் கண்ணாடி, இருபக்கமும் பிடித்து நடக்கும் கம்பிகள், படிக்கட்டு, அப்புறம் தப்பைப் பிடிக்கிற ஒருவர். காலைப் பக்கவாட்டில் தூக்கும்போது உடம்பு ஏமாற்றும். பாத விரல்கள் வானத்தைப் பார்த்துத் திரும்பி, கால் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டால், இடுப்பின் முன்பக்கத்துத் தசைதான் வேலை செய்கிறது. நாம் பழக்க நினைத்தது தூங்குகிறது. நின்று தூக்கும்போது உடம்பை எதிர்ப்பக்கம் சாய்த்தாலும் அதே கதை. நூறு தடவை தப்பாகச் செய்வதைவிடப் பத்து தடவை சரியாகச் செய்வது மேல். அந்தப் பத்தை யாராவது பார்க்க வேண்டும். ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிக்குக் காசு கிடையாது. தனியார் சென்டரில் உண்டு. தினம் போக வேண்டியதில்லை, வாரம் மூன்று நாள் போதும். வீரவநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸின் முதல் படி அந்தக் காலுக்கு மலை. செங்கோட்டை பாசஞ்சரில் போகலாம் என்று பார்த்தோம், பெட்டிப்படி அதைவிட மோசம். கார் வைத்துப் போய்வருவதைவிட, இரண்டு மூன்று வாரம் உறவினர் வீட்டில் தங்கிப் பயிற்சியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புவது சிக்கனம்.

வீட்டுக்கு பிசியோ வருவதில் அலைச்சல் இல்லை. அவர் நம் வீட்டுப் படியை, நம் அடுக்களை மேடையை, நம் கக்கூசைப் பார்த்துப் பயிற்சி சொல்வார். அந்த லாபம் டவுனில் கிடைக்காது. தனியார் என்றால் ஒவ்வொரு வருகைக்கும் காசு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபியும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். தினம் வரமாட்டார்கள், அவர்களுக்கும் பார்க்க நிறைய வீடு இருக்கிறது. வருகிற அன்றைக்குப் புதுப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு, அடுத்த முறை வரும்வரை நாம் செய்ய வேண்டியதுதான்.

நாமே செய்வது என்பது மூன்றாவது. இதை மட்டுமே நம்பி இறங்கச் சொல்லமாட்டேன். ஆனால் வேறு வழி இல்லாமல் நாங்கள் இதில்தான் இறங்கினோம், மாதம் இரண்டு தடவை வந்துபோன பிசியோவின் துணையோடு.

அத்தான் செய்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்த பிசியோ, "இடுப்பு தொங்குதான்னு பார்க்கணும், கண்ணாடி இருக்கா?" என்றார். பீரோக் கண்ணாடி இருந்தது. ஆனால் தொங்குகிறதா இல்லையா என்று எங்களுக்கும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை. அத்தான் எழுந்து போய்ப் பாவு நூலில் ஒரு பாகம் எடுத்து வந்தார். பட்டாசலுக்கும் (கூடத்துக்கும்) அடுக்களைக்கும் நடுவில் உள்ள வாசல் நிலையில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, அக்காவின் இடுப்புயரத்துக்கு நூலை இழுத்துக் கட்டினார். மட்டம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தரையிலிருந்து அளந்து பார்த்துக்கொண்டார். அக்காவின் பாவாடை நாடாவுக்குக் கீழே, இடுப்பெலும்பின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊக்கைக் குத்தி, நூலுக்குப் பின்னால் நிற்கவைத்தார். எதிரே கண்ணாடி. இரண்டு ஊக்கும் நூலின் மேல். பிறகு அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு இடதுகாலில் மட்டும் நிற்கச் சொன்னார். வலது ஊக்கு நூலுக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கியது.

பிசியோ அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத போட்டோ எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டார்.

பயிற்சி படிப்படியாகத்தான் ஏறியது. முதலில் மல்லாந்து படுத்து, காலைத் தூக்காமல் பக்கவாட்டில் நகர்த்துவது. கால் வழுக்க வேண்டும் என்பதற்காக ஒரு பிளைவுட் பலகையில் பவுடரைக் கொட்டி அடியில் வைத்தோம். தசைக்குப் புவியீர்ப்பை எதிர்க்கிற பலம் வருமுன் செய்ய வேண்டியது இது. அப்புறம் அடுக்களை மேடையைப் பிடித்து நின்றபடி பக்கவாட்டில் தூக்குவது. அதற்கும் பிறகுதான் ஒருக்களித்துப் படுத்து மேலே தூக்குவது, மூன்றாம் வாரத்தில் அந்தப் பையன் சொன்ன அதே பயிற்சி. அக்காவுக்கு அது ஐந்தாம் மாதம்தான் வந்தது. முதல் நாள் கால் படுக்கையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது, அவ்வளவுதான். பிறகு சுவரோரமாக நண்டுபோலப் பக்கவாட்டில் நடப்பது, தாழ்ந்த படியில் நின்றுகொண்டு தொங்கும் இடுப்பை மேலே ஏற்றுவது.

நடுவில் ஒரு விஷயம். நொண்டல் எல்லாமே தசையால் வருவதில்லை. ஆபரேஷனில் கால் நீளம் கொஞ்சம் கூடியோ குறைந்தோ போயிருக்கலாம். அளந்து பார்த்துச் செருப்பில் அடி ஒட்டினால் சரியாகிற நொண்டலைத் தசைக்குப் பயிற்சி கொடுத்துத் தீர்க்க முடியாது.

மெஷின், எண்ணெய், ஆறு

இவை மூன்றும் கட்டாயம் பேச்சில் வரும். கரண்ட் வைப்பதில் பல வகை. வலிக்கு வைப்பது வேறு, தசையைத் துடிக்கவைப்பது வேறு. பலத்தைக் கொடுப்பது பயிற்சிதான். ஆழமாகச் சூடு வைக்கிற ஷார்ட்வேவ் டயாதெர்மி உலோகம் வைத்த இடத்தில் கூடாது, கட்டி இருந்த இடத்திலும் கூடாது. சென்டரில் எல்லோருக்கும் வைப்பதுபோல நமக்கும் வைக்க வந்தால் நாம்தான் சொல்ல வேண்டும்.

பாளையங்கோட்டையில் 1964-லிருந்தே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தொக்கணம் என்கிற எண்ணெய் நீவல் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. முதுகுவலிக்கு நானே போவேன். ஆனால் புதிதாகத் தைத்த தசையை, அதுவும் கட்டி எடுத்த தொடையை, ஆபரேஷன் செய்த டாக்டர் சம்மதிக்காமல் யாரும் நீவக் கூடாது. ரத்தக்கட்டு இருந்தால் நீவுவது உயிருக்கே ஆபத்து.

தண்ணீரில் நடப்பது நல்ல பயிற்சிதான். இடுப்பளவுத் தண்ணீரில் கால் தாங்கும் பாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். புண் நன்றாக ஆறிய பிறகு, பிடிமானம் உள்ள நீச்சல்குளத்தில், ஆள் துணையோடு. தாமிரபரணிப் படித்துறை அதற்கு ஆகாது. பாசியில் நல்ல காலே நிற்காது. குற்றாலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கம்பு

வாக்கரை விட்டபின் கம்பா, ஒன்றுமில்லாமலா? இந்த ஒப்பீட்டில் எனக்குச் சந்தேகமே இல்லை, கம்புதான். அக்காவுக்கு இடதுகால் என்பதால் கம்பு வலதுகையில். எல்லோரும் நோகிற பக்கத்திலேயே பிடிக்கச் சொல்வார்கள், அது தப்பு. எதிர்க்கையில் ஊன்றினால் இடுப்பு தொங்கப்போகிற பக்கத்தை அந்தக் கை தாங்கிக்கொள்கிறது. மூட்டிலிருந்து தள்ளி ஊன்றுவதால் கொஞ்சம் அழுத்தினாலே தசைக்குப் பெரிய ஒத்தாசை. சாமான் பை மட்டும் ஆபரேஷன் பக்கத்துக் கையில். அந்தப் பக்கம் பாரம் இருந்தால் தசைக்கு வேலை குறைகிறது, எதிர்ப்பக்கம் தூக்கினால் கூடுகிறது. அக்கா இதை நம்பவில்லை. ஒரு கிலோ அரிசிப் பையை இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்து நூலுக்குப் பின்னால் நின்று பார்த்தபிறகுதான் நம்பினாள்.

ஆனாலும் ஒன்பதாம் மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கம்பு இல்லாமல் போனாள். "கம்பு புடிச்சா கெழவி மாதிரி இருக்கு" என்றாள். பந்திக்குப் போகும்போதே சாய்ந்து சாய்ந்து நடந்தாள், நான்கு நாள் முதுகுவலி. இப்போது தெருவில் இறங்கினால் கம்பு, வீட்டுக்குள் கிடையாது என்று ஒரு உடன்பாடு. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் நொண்டல் பலருக்குத் தங்கிவிடுகிறது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டது நாங்கள்தான். அவள் கேட்டுக்கொள்ள ஒரு வருஷம் ஆயிற்று.

குழித்தறியில் இனி இறங்க முடியாது. தரையில் இறங்கி உட்காரவும் எழவும் அந்த மூட்டு இடம் தராது. ராட்டையைப் பெஞ்சின் மேல் ஏற்றிவைத்து, உயர நாற்காலியில் உட்கார்ந்து அத்தானுக்குத் தார் சுற்றிக்கொடுக்கிறாள். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து பட்டாசலில் ஒரு சுற்று. போகும்போது நூலுக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நிற்கிறாள். போன வாரம் ஊக்கு ஒன்றரை விரற்கடை இறங்கியது. நூல் இதுவரை மூன்று தடவை அறுந்துவிட்டது, ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து மோதித்தான். அத்தான் இப்போது சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்.